ஐம்பதைத் தாண்டியவர்கள் ஷட்டில் ஆடும் முன்: வார்ம் அப் முழு வழிகாட்டி

45, 50 வயதைக் கடந்த பிறகு ஷட்டில் ஆட வருபவர்களுக்கும், கல்லூரி நாட்களில் ஆடிவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் மட்டையை எடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் கோர்ட்டில் காலை ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களை ஆட்டத்துக்குத் தயார்செய்யும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேர்கிறது. கை, கால் அசைவுகள் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்கின்றன. எதை எதற்குப் பின் செய்வது, எப்போது முடிப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

மொத்தம் 20 நிமிடம் ஆகும். அதில் கடைசி 5 நிமிடம் கோர்ட்டுக்குள். மீதி 15 நிமிடத்துக்குக் கோர்ட் தேவையில்லை. ஒரு சுவரும் நான்கு எட்டு வைத்து நடக்கும் இடமும் போதும். கையில் இழுத்துப் பயிற்சி செய்யும் ஒரு ரப்பர் பட்டையும் சிறு துண்டும் இருந்தால் நல்லது.

1. கோர்ட்டில் கால் வைக்கும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

இந்த வயதில் பலரும் ஏதாவது ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறோம். அவற்றில் சில, வார்ம் அப் செய்யும் முறையையே மாற்றக்கூடியவை.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு எளிதில் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி 'இன்னும் உடல் சூடேறவில்லை' என்று வேகத்தைக் கூட்டக் கூடாது. இவர்களுக்கு மூச்சும் பேச்சும்தான் அளவுகோல். அதைக் கட்டம் 5-இல் சொல்கிறேன்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் ஆடும் முன் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தொடங்குங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் அன்று ஆட வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே ஓடினால் மருந்து வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கும். ஆடும் நாட்களில் வயிற்றுப் பகுதியில் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விஷயம் பலருக்கும் தெரியாதது. சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின் ஆகிய ஆன்டிபயாட்டிக் மருந்துகள் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களைப் பலவீனப்படுத்தி, அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டுகின்றன. பெரும்பாலும் பாதிக்கப்படுவது குதிகால் நாண்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இவற்றின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் இன்னும் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இந்த மருந்துகளை நம்மூரில் அடிக்கடி எழுதுகிறார்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆட்டத்தை நிறுத்துங்கள். எப்போது மீண்டும் ஆடலாம் என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள், ஏனென்றால் மருந்து முடிந்த பிறகும் சில மாதங்கள் வரை இந்த விளைவு தொடரலாம்.

ஏற்கெனவே நெஞ்சுவலி, மயக்கம், ஸ்டென்ட் என்று ஏதேனும் இருந்தாலோ, பல ஆண்டுகள் உடலுழைப்பே இல்லாமல் இருந்துவிட்டு வந்தாலோ, இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஷட்டில் மெதுவான ஆட்டம் என்று வெளியே நின்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அது திடீரென வெடித்துக் கிளம்பும் குறுகிய ஓட்டங்களின் தொடர்.

2. காலணியை மாற்றுங்கள்

புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூவோடு வருகிறார்கள். அதன் குதிப்பகுதி உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். முன்னோக்கி நடக்க அது நல்லது. பக்கவாட்டில் பாயும்போது அந்த உயரமே கணுக்காலைப் புரட்டிவிடும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட, தட்டையான உள்ளரங்கக் காலணி வாங்குங்கள். இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு வார்ம் அப் செய்தாலும் கணுக்காலுக்குப் பாதுகாப்பு இல்லை.

சர்க்கரை உள்ளவர்கள் காலுறையை மாட்டும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்திருப்பது வலித்துத் தெரியாது.

3. காலையில் எழுந்தவுடன் குனியாதீர்கள்

ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குக் கோர்ட்டில் நின்று, முதல் வேலையாகக் குனிந்து கால்விரலைத் தொடுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பிலிருந்து வந்த பழக்கம் இது. முதுகுக்கு இதைவிட மோசமான தொடக்கம் இல்லை.

படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகின்றன. காலையில் நம் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது இதனால்தான். பருத்த நிலையில் முன்குனிந்தால் வட்டின் மீதும் அதைச் சுற்றியுள்ள நார்களின் மீதும் விழும் இழுவிசை பகலில் இருப்பதைவிட மிக அதிகம். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் இந்தப் பருமன் பெரிதும் குறைந்துவிடும்.

ஆகவே, முடிந்தால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிடுங்கள். முடியாவிட்டால் காலை ஆட்டத்தில் குனியும் அசைவுகளை அறவே விட்டுவிடுங்கள். கீழே விழுந்த ஷட்டிலைக்கூட இடுப்பை வளைத்து எடுக்காமல் ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி எடுங்கள்.

எழுந்தவுடன் ஒரு டம்ளர் தண்ணீர், கிளம்பும் முன் இன்னொன்று. வெறும் வயிற்றில் ஆட முடியாதவர்கள் பாதி வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிட்டால் போதும்.

மாலையில் அலுவலகத்திலிருந்து நேராக வருபவர்களுக்குச் சிக்கல் வேறு. நாளெல்லாம் உட்கார்ந்திருந்ததால் இடுப்பின் முன்புறத் தசை குறுகியிருக்கும். அவர்கள் கட்டம் 6-இல் இடுப்புக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும்.

4. உங்கள் முறை எப்போது என்று முதலில் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நம் கோர்ட்டுகளில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ வருகிறார்கள், ஒரே நேரத்தில் நால்வர்தான் ஆட முடியும். வந்தவுடன் எல்லோரும் சேர்ந்து கையைக் காலை ஆட்டிவிட்டு, நால்வர் உள்ளே போக, மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இருபது நிமிடம், சில நேரம் அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பெயர் கூப்பிட்டவுடன் எழுந்து ஓடி முதல் ஷட்டிலையே ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) அடிக்கிறார்கள். வார்ம் அப் செய்ததாக மனதில் பதிந்திருக்கும். உடலில் அதன் பலன் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். தசையின் வெப்பம் ஏற நேரம் பிடிக்கிறது, உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது.

எனவே உள்ளே நுழைந்ததும் யார் எந்த வரிசையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டாவது ஆட்டம் என்றால், முதல் ஆட்டத்தில் ஒரு பக்கம் 10 புள்ளியைத் தொடும்போது தொடங்குங்கள். அவர்களது ஆட்டம் முடியும் நேரத்தில் நீங்கள் உடல் சூடேறி நிற்க வேண்டும். நண்பர்கள் அழைக்கிறார்களே என்பதற்காக முன்கூட்டியே செய்துவிட்டு உட்காருவது வீண். மூத்தவர்கள் இரண்டாவது ஆட்டத்தில் இறங்குவது என்று குழுவிலேயே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டால் சிக்கல் பாதி தீரும். எங்கள் கோர்ட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

5. முதல் 5 நிமிடம்: நடை

ஓட்டத்தில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு நிமிடம் கோர்ட்டின் வெளிப்புறம் சாதாரண நடை. அடுத்த ஒரு நிமிடம் கைகளை நன்றாக வீசி வேக நடை. பிறகு ஒரு நிமிடம் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். கடைசி நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை இடுப்பளவு தூக்கி நடை.

இது தசைக்காக மட்டுமல்ல, இதயத்துக்காகவும். திடீரென்று வேகமெடுத்தால் இதயத்தின் தேவை உடனே எகிறுகிறது, அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் விரிவதற்குச் சற்று நேரம் ஆகிறது. 1973-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத ஆண்களை வார்ம் அப் இல்லாமல் ஓட்டப் பொறியில் சட்டென்று வேகமாக ஓடச் செய்தபோது பலருடைய இசிஜியில் இரத்தம் போதாமையின் அறிகுறிகள் தெரிந்தன. முன்னதாக மெதுவாகத் தொடங்கியபோது அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. குழாய்களில் ஏற்கெனவே படிவு இருக்கக்கூடிய வயதில் இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது.

எப்போது போதும்? முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஆனால் பேச்சின் நடுவே மூச்சு வாங்குவது உங்களுக்கே கேட்க வேண்டும். பாட முடிந்தால் இன்னும் சூடேறவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அதிகம்.

வியர்வையை அளவாகக் கொள்ளாதீர்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாதத்தில் மூடிய அரங்கில் சும்மா நின்றாலே சட்டை நனையும். தோல் சூடானதற்கு அது அடையாளம். கெண்டைக்கால் தசை அப்போதும் குளிர்ந்தே இருக்கலாம். மார்கழிக் காலையில் நிலைமை தலைகீழ்: நடையை மூன்று நிமிடம் நீட்டுங்கள், முழுக்கால் சட்டையோடு செய்யுங்கள்.

6. மூட்டுகள்: 3 நிமிடம்

மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம், அசைவு தொடங்கிய பிறகுதான் இளகிப் பரவும். அதனால்தான் நடைக்குப் பின் மூட்டு. கீழிருந்து மேலே போகலாம்.

கணுக்கால்: சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொட முயலுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. எளிதாகத் தொட்டால் பாதத்தை இன்னும் சற்றுப் பின்னே வையுங்கள். வலைக்கு அருகே தாவி எடுக்கும்போது கணுக்கால் மடங்கவில்லை என்றால் அந்த வேலை முழங்காலின் மீது விழுகிறது. முழங்கால் வலி என்று வருபவர்கள் பலருக்கு நான் முதலில் சோதித்துப் பார்ப்பது கணுக்காலைத்தான்.

இடுப்பு: சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னும் பின்னும் 10 முறை, பிறகு பக்கவாட்டில் 10 முறை வீசுங்கள். சிறிய வீச்சில் தொடங்கி மெல்லப் பெரிதாக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே உயர வீசினால் தொடை இடுக்கில் சுளுக்கும்.

நடுமுதுகு: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் இரு பக்கமும் திருப்புங்கள். பக்கத்துக்கு 8 முறை. இது திரும்பவில்லை என்றால் தலைக்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் தோள்பட்டை கூடுதல் விலை கொடுக்கிறது.

கழுத்தை வட்டமாகச் சுழற்றாதீர்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ள வயதில் அது தலைசுற்றலைக் கொண்டுவரும். இடம், வலம் திரும்பிப் பார்ப்பதும் மேலே பார்த்துவிட்டு மோவாயைக் கீழே கொண்டுவருவதும் போதும்.

இந்தப் பகுதி முழுவதும் நின்றபடியே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரத்த அழுத்த மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ எடுப்பவர்கள் தரையில் படுத்துச் செய்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். படுத்துச் செய்யும் பயிற்சிகளை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. குதிகால் நாண்: 2 நிமிடம்

இதற்குத் தனிப் பகுதி ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. உடலிலேயே மிகத் தடிமனான நாண் இதுதான். ஆனால் குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையுள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு, வயதாக ஆக நாணின் நெகிழ்வும் குறைகிறது. ஷட்டிலில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் உடலை ஒரே உதையில் முன்னே திருப்பும் கணத்தில் முழுச் சுமையும் அங்கே விழுகிறது. அறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

சுவரில் கை வைத்து இரு குதிகால்களையும் உயர்த்துங்கள். ஏற இரண்டு எண்ணிக்கை, இறங்க மூன்று எண்ணிக்கை. 10 முறை. அடுத்து ஒற்றைக் காலில் 6 முறை. அடுத்து முழங்காலைச் சற்று மடக்கிய நிலையில் மீண்டும் 6 முறை. கெண்டைக்காலின் உட்தசைக்கு இதில்தான் வேலை போகிறது. வலி இல்லை என்றால் மட்டும், தரையை விட்டு இரண்டு விரற்கடை உயரத்தில் மெல்லிய துள்ளல்கள் 15.

வலி இருந்தால் துள்ளல் வேண்டாம், அன்று ஆட்டமும் வேண்டாம். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் பின்புறம் விறைப்பும் வலியும் இருந்தால் நாண் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது என்று பொருள்.

படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிட்டு இழுப்பது பலருக்குப் பிடித்த பயிற்சி. ஆடும் முன் அதைச் செய்ய வேண்டாம். நாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்களுக்கு அது வலியைக் கூட்டும்.

8. தொடையும் தாவலும்: 3 நிமிடம்

நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னே தள்ளி, அரை அளவு மட்டும் உட்கார்ந்து எழுங்கள். 10 முறை. முழுதாகக் குந்த வேண்டாம்.

அடுத்து தாவல், அதாவது குதிக்காமல் ஒரு காலை எட்டி வைத்து முழங்காலை மடக்குவது. ஷட்டிலில் முழங்காலைக் கெடுப்பதும் காப்பதும் இந்த ஓர் அசைவுதான் என்பது என் கருத்து. முதலில் பின்னோக்கி: ஒரு காலைப் பின்னே வைத்து இரு முழங்கால்களையும் மடக்குங்கள், காலுக்கு 5 முறை. இதில் முழங்காலுக்குச் சுமை குறைவு. பிறகு பக்கவாட்டில் காலுக்கு 5 முறை, தொடை இடுக்குக்காக. கடைசியில்தான் முன்னோக்கி: அரை அடி, பிறகு முழு அடி, பிறகு வலைக்குத் தாவும் அளவு.

முன் காலில் குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். பாதவிரலும் முழங்காலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் வீச்சைக் குறையுங்கள். தொடைவலு அந்தத் தூரத்துக்கு இன்னும் போதவில்லை என்பதன் அடையாளம் அது. பின் கால் தரையில் இழுபட்டு வரட்டும், அது ஒரு பிரேக்காக வேலை செய்கிறது.

நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்சிப் பயிற்சிகளை இங்கே நுழைக்காதீர்கள். ஒரு தசையை ஒரு நிமிடமோ அதற்கு மேலோ இழுத்துப் பிடித்தால் அதன் வலுவும் வெடிப்பு வேகமும் சற்று நேரத்துக்குக் குறைகின்றன என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. எங்காவது இறுக்கம் இருந்தால் 15, 20 விநாடி இழுத்துவிட்டு அசைவுக்குத் திரும்புங்கள். நிதானமான நீட்சிக்கு ஆட்டம் முடிந்த பிறகு நேரம் இருக்கிறது.

9. தோள்: 2 நிமிடம்

தோள்பட்டையைப் பிடித்துவைத்திருக்கும் சிறு நாண்கள் வயதோடு தேய்கின்றன. ஐம்பதுக்கு மேல் வலியே இல்லாமல் உள்ளே கிழிசல் இருப்பவர்கள் உண்டு. அவற்றின் மீது குளிர்ந்த நிலையில் ஸ்மாஷ் அடிப்பதுதான் ஆபத்து.

கைவட்டம் சிறிதிலிருந்து பெரிதாக, முன்னும் பின்னும் 10. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்காமல் மார்பைச் சுவரை நோக்கி இறக்கி மீண்டும் தள்ளுங்கள், 10 முறை. தோள் எலும்பு முதுகில் சறுக்குவது தெரிய வேண்டும். பிறகு மடித்த துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுங்கள், 12 முறை. துண்டு விழாமல் இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். மட்டை பிடிக்கும் கையோடு நிறுத்திவிடாமல் இரண்டுக்கும் செய்யுங்கள். கடைசியாக மணிக்கட்டை மேலும் கீழும் 10 முறை அசையுங்கள்.

ஒரு சோதனை: கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் வரை மெதுவாக உயர்த்துங்கள். தொடக்கத்தில் வலியில்லாமல், தோள் உயரத்தை ஒட்டி வலித்து, மேலே போனதும் வலி மறைந்தால், அங்கே நாண் உரசுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் தலைக்கு மேல் அடிகள் வேண்டாம். பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

10. கோர்ட்டுக்குள் 5 நிமிடம்

முதல் இரண்டு நிமிடம் ஷட்டில் இல்லாமல் நிழலாட்டம். நடுவில் நின்று சிறு துள்ளல், பிறகு மூலைகளுக்குப் பாதி வேகத்தில் போய்த் திரும்புதல். முதலில் வலைப்பக்க மூலைகள், பிறகு பக்கங்கள், கடைசியில் பின்மூலைகள். பின்னே போய்த் திரும்பும் உதைதான் குதிகால் நாணுக்குக் கடினமானது என்பதால் அது கடைசி.

அடுத்த மூன்று நிமிடம் எதிரில் உள்ளவரோடு அடித்துப் பழகுங்கள். நம்மூர் வழக்கம், எடுத்தவுடன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உயர அடிப்பது. கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர்; அதைக் கடக்கத் தோள் முழு வலுவையும் கொடுத்தாக வேண்டும். தலைகீழாக மாற்றுங்கள்: வலையருகே மெல்லத் தட்டுவது முதலில், அடுத்து நெஞ்சுயரத்தில் நேராகப் போகும் டிரைவ், அதன்பின் வலையைத் தாண்டியதும் விழும் டிராப், பிறகு உயர அடி, ஸ்மாஷ் கடைசியில் நான்கைந்து, அதுவும் முக்கால் வேகத்தில்.

முதலில் உடல் வெப்பம், பிறகு தசையையும் மூட்டையும் தயார்செய்தல், இறுதியில் ஆட்டத்தின் வேகம் என்ற இந்த வரிசையை பிரிட்டனின் பயிற்சியாளர் இயான் ஜெஃப்ரிஸ் 2007-இல் முறைப்படுத்தி எழுதினார். பல விளையாட்டுகளில் இப்போது அதைப் பின்பற்றுகிறார்கள். கால்பந்தில் ஃபிஃபா 2006-இல் கொண்டுவந்த 20 நிமிட வார்ம் அப்பும் ஏறக்குறைய இதே கட்டமைப்புதான், அது காயங்களைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் இளைஞர்களிடம் நடந்தவை. நமக்கு வரிசை அதேதான், ஒவ்வொரு கட்டத்திலும் ஏறும் வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும்.

11. முதல் கேமின் பாதி இன்னும் வார்ம் அப்தான்

21 புள்ளி கேமில் ஒரு பக்கம் 11 தொடும்வரை எகிறி அடிக்காதீர்கள், எட்டாத ஷட்டிலைத் துரத்தாதீர்கள். முதல் கேம் இரட்டையராகவே இருக்கட்டும். இணையாக ஆடுபவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் 'விடுறீங்களே சார்' என்று அவர் முகம் சுளிப்பார், அந்தக் கூச்சத்தில் நீங்கள் பாய்ந்துவிடுவீர்கள். நான் பார்த்த காயங்களில் பல இப்படி, தவறவிட்ட ஒரு புள்ளிக்கு அடுத்த புள்ளியில் வந்தவைதான்.

12. ஆட்டங்களுக்கு இடையே

முதல் ஆட்டம் முடிந்து பெஞ்சுக்கு வந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்காராதீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ஈரச் சட்டையோடு உட்காருவதைத் தவிருங்கள். மீண்டும் இறங்கும் முன் இரண்டு நிமிடம்: வேக நடை ஒரு சுற்று, குதிகால் உயர்த்தல் 10, முன் தாவல் காலுக்கு 3, கைவட்டம் 10. முழு வரிசையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

13. உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குளிர் வியர்வை, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள், 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. ஸ்கூட்டரில் தனியாக வீட்டுக்குப் போகவும் கூடாது.

குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல உணர்ந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், நாண் அறுந்திருக்கலாம். இதில் நம்மை ஏமாற்றுவது என்னவென்றால், அதன்பிறகும் பலரால் நொண்டி நடக்க முடியும், பாதத்தை ஓரளவு அசைக்கவும் முடியும். அதனால் சுளுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் வெளியே தொங்கும்படி செய்து, கெண்டைக்காலை மெல்லப் பிசையுங்கள். நல்ல காலில் பாதம் அசையும். அறுந்த காலில் அசையாது. பாதம் அசைந்தாலும் சந்தேகம் இருந்தால் எலும்பு மருத்துவரிடமே போக வேண்டும். எண்ணெய் போட்டு உருவுவதும் சுளுக்கு எடுப்பவரிடம் போவதும் வேண்டாம். தாமதமானால் அறுந்த முனைகள் விலகிவிடும், சிகிச்சை கடினமாகும்.

14. ஆடாத நாட்களில் செய்ய வேண்டியது

வார்ம் அப் அன்றைய உடலைத் தயார்செய்யும். பலவீனமான தசைக்கு அது வலுவைக் கொடுக்காது. நடுவயதுக்குப் பின் தசை குறையும்போது, வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் அதிகம் குறைகின்றன. ஷட்டில் கேட்பதும் அவற்றைத்தான்.

வாரத்தில் ஆடாத இரண்டு நாட்கள், வீட்டில் பதினைந்து நிமிடம் போதும். ஒற்றைக்கால் குதிகால் உயர்த்தல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல், படுத்து இடுப்பை உயர்த்துதல், ரப்பர் பட்டையால் தோள் பயிற்சி ஆகிய நான்கும், ஒவ்வொன்றும் மூன்று சுற்று. குதிகால் உயர்த்தலை எவ்வளவு முடிகிறதோ அங்கிருந்து தொடங்கி, ஒரு காலில் நிறுத்தாமல் 20 வரை மெல்லக் கொண்டுபோங்கள். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூட்ட வேண்டாம். தசை சீக்கிரம் வலுவாகிவிடும், நாணுக்கு மாதங்கள் பிடிக்கும். இரண்டு கால்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாகும்வரை ஒற்றையர் ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள்.